சபர் கதைகளில் அயலான் எங்கே?

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களில், கடல் கடந்து சென்ற ஒருவரையேனும் பெறாத குடும்பத்தைக் காண்பது அரிது. பினாங்கில் 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1830ஆம் ஆண்டளவில் எழுந்த நாகூர் தர்காவும், அவ்விரு நகரங்களிலும் இன்றளவும் வழங்கிவரும் சூலியா தெரு என்னும் பெயரும் அப்பயணங்களுக்குச் சான்று பகர்கின்றன. ‘சபர்’ என்ற அரபுச் சொல் நம் தாய்மார் நாவில் தமிழாகவே ஆகிவிட்டது. பொருள் தேடி அயல்நாடு சென்றவரைச் ‘சபராளி’ என்றே அழைக்கிறோம்.

இத்துணை நெடிய பயண மரபுடைய சமுதாயம் அப்பயணத்தைப் பற்றி எண்ணற்ற சிறுகதைகளை எழுதியிருப்பதில் வியப்பில்லை. வியப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. அக்கதைகளுள் பெரும்பாலானவற்றில் அயலான் இல்லை. மலேயாவுக்குச் சென்றவன் கதையில் மலாய்க்காரன் இல்லை. பர்மாவுக்குச் சென்றவன் கதையில் பர்மியன் இல்லை. துபாய்க்குச் சென்றவன் கதையில் அரபி இல்லை. தப்பித் தவறி வந்தாலும் கடைக்கு வரும் வாடிக்கையாளனாகவோ, கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் அதிகாரியாகவோ, சம்பளம் தராத முதலாளியாகவோ வந்து மறைகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, வீடு இல்லை, அவன் வாயில் ஒரு முழு வாக்கியமும் இல்லை. இதனை எழுத்துத் திறனின் குறை என்று மட்டும் கொள்ள நாம் ஒருப்படோம். இது அறத்தின் குறையுமாகும் என்பதே நமது வாதம்.

இன்று எழுதப்படும் வளைகுடாக் கதையொன்றின் உருவத்தை வாசகர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வீட்டின்மேல் கடன், தங்கைக்குத் திருமணம், தரகனுக்குப் பணம், விமான நிலையத்தில் அழுகை. அப்பால் ஓர் அறை, அதில் அடுக்குக் கட்டில், வெள்ளிக்கிழமைதோறும் ஊர் நினைவு. தந்தையார் மவுத்தான செய்தி வருகிறது; விடுப்புக் கிடைக்கவில்லை. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பினால் பெற்ற பிள்ளை, “யாரும்மா இவர்?” என்று கேட்கிறது. கொண்டுவந்த அத்தரும் கோடாலித் தைலமும் கம்பளிப் போர்வையும் உறவினர்க்குப் பங்கிடப்படுகின்றன. நரைத்த தலையும் நீரிழிவும் அவனுக்கு எஞ்சுகின்றன. கதை முடிகிறது. முன்னர் அவன் துயரம் வான்தபாலில் வந்தது. பின்னர் ஒலிநாடாவில் வந்தது. இப்பொழுது கைப்பேசித் திரையில் முகத்தோடு வருகிறது. துயரம் வரும் வழி மாறியதேயன்றிக் கதை மாறவில்லை.

அத்துயரம் பொய்யென்று நாம் கூறவில்லை. நம்மிடம் ஓதிய மாணவர்களுள் பலர் இன்று அபூதாபியிலும் தம்மாமிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீரை எள்ளி நகையாடும் உரிமை எவர்க்கும் கிடையாது. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பதினைந்து ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்தவன் அந்நாட்டைப் பற்றிச் சொல்ல, ‘வெயில் கடுமை’ என்பதைத் தவிர வேறு செய்தி இல்லையா? தான் விட்டுச்சென்ற ஊரின் வேப்பமரத்தை இலை இலையாக நினைவுகூரும் கதாநாயகன், தான் வாழும் தெருவின் பெயரைக்கூடச் சொல்வதில்லையே, ஏன்?

இங்கே இரண்டு அரபுச் சொற்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஒன்று ‘ஸஃபர்’, மற்றொன்று ‘குர்பத்’. பயணத்தைக் குறிக்கும் ஸஃபர் என்ற சொல், திரை விலகுதல், முகம் வெளிப்படுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. மனிதரின் இயல்புகளைத் திரை விலக்கிக் காட்டுவதாலேயே பயணத்துக்கு அப்பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் பயண ஒழுக்கம் பற்றிய பகுதியில் விளக்கம் தருகிறார்கள். குர்பத் என்பதோ அயன்மை; ஊரை விட்டு விலகியிருத்தல். கதிரவன் மறையும் மேற்கையும் மறைதலையும் குறிக்கும் சொற்கள் இதே வேரைச் சேர்ந்தவை. நாம் அன்றாடம் வழங்கும் ‘மஃரிப்’ இதன் உடன்பிறப்பு. உருது வழியாக வந்து நம்மிடையே ‘ஏழை’ என்று பொருள்படும் ‘கரீப்’ என்ற சொல்லுக்கு அரபியில் அயலான் என்பதே பொருள்.

ஒரு சொல் வெளிச்சத்தைச் சுட்டுகிறது. மற்றொன்று மறைவைச் சுட்டுகிறது. பயணம் செய்பவன் இரண்டையும் அனுபவிக்கிறான். நம் கதைகளில் குர்பத் நிறைய இருக்கிறது, ஸஃபர் இல்லை. சென்றவனின் உள்ளத்தில் மூடிய இருளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சென்ற இடத்தில் அவனுக்கு எந்தத் திரை விலகிற்று, எவருடைய முகம் தெரிந்தது என்பதை எழுத மறுக்கிறோம்.

இக்குறைக்குத் தமிழில் பழைய வேர் ஒன்று உண்டு எனக் கருதுகிறோம். பொருள்வயிற் பிரிவைப் பாடுவது பாலைத்திணை. தலைவன் செல்லும் சுரத்தின் வெம்மையையும், கள்ளிக் காட்டையும், ஆறலைக் கள்வரையும் சங்கப் புலவர் கண்முன் நிறுத்துவர். வீட்டில் நாளெண்ணிச் சுவரில் கோடிடும் தலைவியின் விரலையும் காட்டுவர். மொழி வேறுபட்ட நாட்டைத் தலைவன் அடைந்தான் என்றும் சொல்வர். ஆனால் அந்நாட்டு மக்கள் அவனிடம் பேசியது யாது, அவன் அவர் வீட்டில் உண்டது யாது என்பன நமக்குத் தெரியமாட்டா. வடுகர் எல்லையைத் தாண்டினான் என்று அறிவோம். வடுகன் ஒருவனின் பெயரை அறியோம். அகப்பாடலுக்கு அவ்வெல்லை பொருந்தும். ஏனெனில் அதன் நோக்கம் அன்புடையார் இருவரின் உள்ளமேயாம். சிறுகதைக்கு அந்தச் சலுகை கிடையாது. இற்றை நாள் வளைகுடாக் கதை, விமானம் ஏறிய பாலைப்பாட்டாகவே இருக்கிறது. பாலை நிலத்துக்கே போய் இறங்கிய பின்னும் அது பாலைப் பாட்டின் எல்லையைக் கடக்கவில்லை.

அரபு மொழியில் பயணக் கதை எவ்வாறு நடந்தது என்பதை ஒப்பிட்டு நோக்குவோம். மதரஸாக்களில் நாம் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் ஹரீரியின் மகாமாத்தை எடுத்துக்கொள்வோம். பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரி 1122ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் இயற்றிய ஐம்பது மகாமாக்களும் ஊர் ஊராகச் செல்பவை. கதை சொல்பவன் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். நாயகன் ஸரூஜ் நகரத்து அபூஸைத். சொல்வன்மையால் ஊராரை ஏமாற்றிப் பொருள் பறிக்கும் அந்த அபூஸைத், எதிரிகளிடம் தன் ஊரையே பறிகொடுத்தவன். இன்றைய வழக்கில் சொன்னால் ஓர் அகதி. மாணவர்கள் அந்நூலின் சிலேடைகளையும் அருஞ்சொற்களையும் மனனம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். அதன் கதையமைப்பை நோக்குவார் சிலரே. மகாமா தோறும் திரும்பத் திரும்ப வரும் உச்சக்கட்டம் ஒன்றுதான். வேடம் கலைகிறது, புதியவன் யாரென்று ஹாரிஸ் அறிந்துகொள்கிறான். அயலானின் முகம் வெளிப்படும் அந்தக் கணத்துக்காகவே முன்னுள்ள சொல்லலங்காரம் அனைத்தும் காத்திருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஹரீரி ஸஃபர் என்ற சொல்லின் பொருளைக் கதையாக்கிவிட்டார்.

தற்கால அரபு எழுத்தாளரும் அவ்வழி தவறவில்லை. எகிப்தின் யஹ்யா ஹக்கி 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கின்தீலு உம்மி ஹாஷிம்’ என்ற நெடுங்கதையில், இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்றுத் திரும்பும் இஸ்மாயில், கெய்ரோவில் தன் பேட்டையின் தர்கா விளக்கெண்ணெயை மக்கள் கண்ணுக்கு மருந்தாக இடுவதைக் கண்டு வெகுண்டு விளக்கையே உடைக்கிறான். கற்றுவந்த மருத்துவமும் பாத்திமாவின் கண்ணைக் குணப்படுத்தத் தவறுகிறது. அதன்பின் அவன் தன் மக்களையே புதிதாக அறிய வேண்டியவனாகிறான். சூடானின் தய்யிப் ஸாலிஹ் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட, வடதிசைப் பயணத்தைப் பற்றிய நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய இளைஞனைக் கிராமத்தார் சூழ்ந்துகொண்டு, அங்குள்ள மனிதர் எத்தகையோர் என்று வினவுகின்றனர். சிறு வேறுபாடுகள் நீங்கலாக அவர்களும் நம்மைப் போன்றவர்களே. மணம் புரிகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், அவர்களிலும் உழவர்கள் உண்டு என்ற கருத்துப்பட அவன் விடையிறுக்கிறான். அவ்விடை முழு உண்மையன்று என்பதை நாவல் பின்னர் கொடூரமாகவே காட்டுகிறது. ஆயினும் கிராமத்தார் கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கதைகளில் ஊர் திரும்பிய சபராளியைப் பார்த்து, “அங்குள்ள மக்கள் எப்படி?” என்று எவரும் கேட்பதில்லை. “என்ன கொண்டு வந்தாய்?” என்றே கேட்கின்றனர். கதாசிரியரும் அவ்வினாவோடு அமைந்துவிடுகிறார்.

நமது வாதத்துக்குத் தடை கூறுவோர் பலர். அவர்கள் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

“துன்புறுபவனிடம் போய், உன்னைத் துன்புறுத்துபவனையும் அறிந்து எழுது என்பது கொடுமையல்லவா?” என்பது முதல் தடை. இதற்கு விடை கஸ்ஸான் கனஃபானியிடம் இருக்கிறது. பாலஸ்தீனத்தை இழந்து, குவைத்தில் சில ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்து, 1972ஆம் ஆண்டில் பெய்ரூத்தில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டவர் அவர். அவரினும் துயரத்தை அறிந்தவர் நம்மில் எவர்? 1963ஆம் ஆண்டில் வந்த அவரது ‘ரிஜாலுன் ஃபிஷ்ஷம்ஸ்’ என்ற நெடுங்கதையில், பஸ்ராவிலிருந்து குவைத்துக்குக் களவாகச் செல்லும் மூன்று பாலஸ்தீனர் தண்ணீர் லாரியின் வெற்றுத் தொட்டிக்குள் ஒளிந்து, எல்லைச் சாவடியில் வெப்பத்தால் மாண்டுபோகின்றனர். அவர்களைக் கொன்றது யார்? குளிரூட்டிய அறையில் அமர்ந்து, ஓட்டுநனை ஒரு நாட்டியக்காரியின் பெயர் சொல்லிக் கேலி செய்துகொண்டு தாளில் கையொப்பமிடத் தாமதித்த ஓர் எழுத்தர். அவர் கையில் சவுக்கு இல்லை. கண்ணில் வெறி இல்லை. வீண் அரட்டையில் விருப்பம் மட்டுமே இருந்தது. கனஃபானி அந்த எழுத்தரை அரக்கனாக எழுதியிருந்தால் நாம் சபித்துவிட்டு உறங்கியிருப்போம். வேடிக்கை விரும்பும் சாதாரண மனிதனாக எழுதியதால் நம் உறக்கம் கெடுகிறது. அயலானுக்கு முகம் கொடுப்பதால் அவன் குற்றம் குறைவதில்லை. குற்றம் எங்கே நடந்தது என்பது துலக்கமாகிறது.

“தொழிலாளர் முகாமில் அடைபட்டவன் அரபியை எங்கே கண்டான்? காணாதவனை எங்ஙனம் எழுதுவான்?” என்பது இரண்டாவது தடை. இது நியாயமான கேள்வி. முகாம்கள் நகருக்கு வெளியே இருக்கின்றன. கஃபீலின் கையில் கடவுச்சீட்டு இருந்தது. அவன் இசைவின்றி வேலை மாற இயலாதிருந்தது. கத்தர் நாடு அந்த இசைவு வேண்டுமென்னும் விதியை 2020ஆம் ஆண்டில்தான் நீக்கிற்று. இத்தகைய சுவருக்குள் இருப்பவன் அந்நாட்டு வீடுகளின் உட்புறத்தை அறியான்தான். ஆயினும் அவனுடைய அறையில் யார் இருந்தார்? பெஷாவரின் பட்டாணியன் இருந்தான். சில்ஹட்டின் வங்காளி இருந்தான். நேபாளத்துக் காவலாளி இருந்தான். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையற்காரன் இருந்தான். ஒரே குழாயில் குளிக்கக் காத்திருந்தவர்கள் இவர்கள். நம் கதைகளில் இவர்களும் இல்லையே! அடுத்த கட்டிலில் பத்தாண்டு படுத்தவனை அறியாதிருக்க எந்தக் கஃபீல் கட்டளையிட்டான்?

மேலும் அந்தச் சுவரே ஒரு கதையாகக் கூடியது. ஃபிக்ஹு நூல்களை ஓதியோர்க்குக் கஃபாலத் என்றால் என்னவென்று தெரியும். பிறன் பட்ட கடனுக்குத் தான் பொறுப்பேற்பது கஃபாலத். அநாதையை வளர்க்கப் பொறுப்பேற்றவனும் கஃபீல் எனப்படுவான். இத்துணை மேன்மையுடைய சொல், கடலோர நகரங்களில் ஒருவனை மற்றொருவன் பிடியில் வைக்கும் கயிறாக எவ்வாறு திரிந்தது? அங்கே கூலியாளை ‘ரஃபீக்’ என்று அழைக்கிறார்கள். ரஃபீக் என்பவன் வழித்துணைவன். பாதையைத் தேடுமுன் துணைவனைத் தேடு என்னும் அரபுப் பழமொழியில் வரும் அதே ரஃபீக். அச்சொல் பெயர் கேட்க விரும்பாத போது பயன்படும் விளியாகிவிட்டது. இவ்விரு சொற்களின் வீழ்ச்சியை ஒரு கதாசிரியன் எழுதினால், அரபு நாட்டாரே தலை குனிந்து வாசிப்பர். ஆனால் அதை எழுத அரபு தெரிய வேண்டும். இருபது ஆண்டு அங்கே வாழ்ந்து, பேரம் பேசும் அளவுக்குமேல் அம்மொழியைக் கற்காமல் திரும்புவது பெருமையா?

மூன்றாவது தடை வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை, உள்ளத்தில் இருக்கிறது. நம் கதைகளில் இரண்டு வகை அரபிகளே உண்டு. ஒருவன் புனித மண்ணின் மணம் கமழும் பெரியவன். அவனிடம் குறை காண்பது அடாது. மற்றவன் சவுக்கேந்திய கொடியவன்; அவனிடம் நிறை காண்பது அடாது. இருவரும் மனிதரல்லர். மலையாளத்தில் பென்யாமின் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆடுஜீவிதம்’ நாவலில் பாலைவன ஆட்டுப்பட்டியின் கொடிய எஜமானனும் வருகிறான். தப்பி வந்தவனைத் தன் உயர்ந்த வாகனத்தில் ஏற்றி நகரில் சேர்க்கும் அரபியும் வருகிறான். ஒரே பாலைவனம்தான் இருவரையும் பெற்றது. அந்தக் கடைசி வாகனப் பயணம் இல்லாவிட்டால் முந்திய கொடுமை அத்துணை உறைத்திராது.

செல்வச் செழிப்போடு நாம் காணும் அரபியின் பாட்டன் யாரென்று கேட்டோமா? எண்ணெய் எடுக்கப்படுவதற்கு முன் பஹ்ரைனிலும் குவைத்திலும் மக்கள் முத்துக்குளித்து வாழ்ந்தனர். நாகுதாவிடம் பட்ட கடனை மகனுக்கு விட்டுச் சாகும் குளியாட்கள் அங்கே பெருவாரி. ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1929ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலை அழித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்புக்கு, வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் கப்பலேறி வந்தனர். கீழக்கரைக் குளியாட்களும் அவர்களும் ஒரே கடலில் மூழ்கி எழுந்தனர். பிழைப்புத் தேடி அவர்கள் நம் கடலுக்கு வந்த காலமும் இருந்தது! நம் நாட்டின் ரூபாயே நெடுங்காலம் அவர்கள் சந்தையில் செலாவணியாக வழங்கிற்று. 1959ஆம் ஆண்டில் இந்திய அரசு வளைகுடாவுக்கென்றே தனி ரூபாயை அச்சிட்டது. 1960களின் நடுப்பகுதி வரை அங்குள்ள சில நாடுகளில் அது புழங்கிற்று.

எண்ணெய் வந்தபின்னும் முதற் கூலியாட்கள் அரபிகளே. அமெரிக்க அதிகாரிகளுக்கு ஒரு குடியிருப்பு, அரபுத் தொழிலாளர்க்குக் கொட்டகை என்று பிரிக்கப்பட்டிருந்தது. 1953ஆம் ஆண்டில் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது வரலாறு. அந்த வாழ்வைத்தான் அப்துர் ரஹ்மான் முனீஃப் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ‘முதுனுல் மில்ஹ்’ என்ற நாவல் வரிசையில் எழுதினார். பேரீச்ச மரங்களோடு வேரறுக்கப்பட்ட ஒரு பாலைச்சோலையின் மக்கள், கடற்கரை நகரொன்றில் கூலிகளாகக் கொட்டகையில் கிடப்பதை அதில் காணலாம். அக்கொட்டகையை வாசிக்கும் தமிழன் திடுக்கிடுவான். நம் அறை இது. நம் கட்டில் இது! ஒரு தலைமுறைக்கு முன் கொட்டகையில் கிடந்தவர் சமுதாயம், இன்று பிறரைக் கொட்டகையில் இடுவது எங்ஙனம் நேர்ந்தது? வளைகுடாக் கதையின் மையக் கேள்வி இதுவாகவே இருத்தல் வேண்டும். நம் கதைகள் இக்கேள்வியின் வாயிலுக்கே வரவில்லை.

மலேயாவின் பக்கம் திரும்பினால் நம் மௌனம் இன்னும் கனத்தது. அங்கே சுவர் இல்லை. நம் முன்னோர் மலாய் மொழியைச் சரளமாகப் பேசினர், மலாய்ப் பெண்டிரை மணந்தனர், பிள்ளைகளைப் பெற்றனர். அம்மரபினர் ஜாவி பெரானாக்கான் என்று பெயர் பெற்றனர். 1876ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அப்பெயராலேயே மலாய்மொழியின் முதற் செய்தித்தாளை நடத்தினர். தமிழும் அரபும் கலந்த மரபில் மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லாஹ், 1838ஆம் ஆண்டில் கிளந்தானுக்குக் கப்பலில் சென்றதைப் பயண நூலாக்கினார். 1849ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை அச்சிட்டார். தற்கால மலாய் உரைநடையின் தந்தை என அவரைப் போற்றுகின்றனர். மலாய் அரசர்களின் கொடுங்கோன்மையை அவர் கடிந்தெழுதினார். அம்மக்களின் பேச்சையும் வழக்கங்களையும் ஊன்றி நோக்கியும் எழுதினார். உற்று நோக்கியவருக்கே கடிந்துரைக்கும் உரிமை உண்டு.

இவ்வளவு இருந்தும், ‘அக்கரையில் இன்னொரு குடும்பம்’ என்பது நம் கதைகளில் இழுக்காக மட்டுமே வருகிறது. இக்கரையில் அழும் மனைவியின் கண்ணீரை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அக்கரையில், தன் கணவன் ஊருக்குப் போய்த் திரும்பாததால் பிள்ளைகளோடு நின்ற மலாய்ப் பெண்ணும் அழுதிருப்பாளன்றோ? அவளுக்கு வந்தது யாருடைய துரோகம்? அதனை எழுதினால் நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். அதனால்தான் அவள் ‘அந்தச் சிறுக்கி’ என்ற ஒற்றைச் சொல்லோடு கதையிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். இக்கரை மனைவிக்கும் நாம் முழு நீதி வழங்கியதில்லை. பதினைந்து ஆண்டு தனியாக வீடு கட்டி, கடன் அடைத்து, பிள்ளைகளைக் கரையேற்றியவளை, கடிதம் வரும் வழி பார்த்துச் சன்னலோரம் நிற்கும் சித்திரமாக்கிவிட்டோம். அவளும் நமக்கு அயலாளே.

நம் மரபில் இதற்கு மாற்றே இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. கண்டியின் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டபோது, தமிழில் நாவல் என்பதே நேற்றுப் பிறந்த குழந்தை. அவர் தேர்ந்துகொண்ட நாயகன் எகிப்தில் பிறந்தவன். அந்நாட்களில்தான் எகிப்தின் உராபி பாஷா ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1883ஆம் ஆண்டு முதல் அங்கே வாழ்ந்தார். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகினார். அயலானாகத் தம் கரைக்கு வந்த ஒருவரின் தோழமையில் நின்று, எகிப்தையும் இந்தியாவையும் ஒரே கதைக்குள் கொணர அவருக்கு அச்சமிருக்கவில்லை. அந்நூலில் இன்றைய சுவைக்கு ஒவ்வாத தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்பதை ஒப்புகிறோம். ஆனால் அதன் கதவு வெளிப்புறமாகத் திறந்திருந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாம் அக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே அமர்ந்து அழுகிறோம்.

இவ்வளவு வற்புறுத்துவானேன், கதைதானே என்று சிலர் கேட்கலாம். கதையில் காணப் பழகாத கண் தெருவிலும் காணாது. அரபி மொழியில் ‘ஹிந்தீ’ என்றால் இந்தியன். வளைகுடாவில் தமிழனென்றும் மலையாளியென்றும் பாராமல் எல்லோரையும் ‘ஹிந்தீ’ என்று ஒரே சொல்லால் அழைக்கிறார்கள் என்று நம் கதாநாயகர்கள் குமுறுகின்றனர். நல்லது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும், சென்னையின் கட்டடச் சாரங்களிலும், நம் ஊர் உணவகங்களிலும் இன்று வேலை செய்வோர் யார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் கடன் சுமந்து வந்தவர்கள். வங்காளியும் ஒடியனும் அசாமியனும் தத்தமக்கெனத் தனி மொழி உடையவர்கள். நாம் அவர்களை எப்படி அழைக்கிறோம்? ‘இந்திக்காரன்’ என்கிறோம்! எந்தச் சொல்லால் நாம் காயப்பட்டோமோ, ஏறத்தாழ அதே சொல்லை எடுத்து அவர்கள்மேல் எறிகிறோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் ரயிலேறி ஊர் திரும்பினர். பொய்தான், ஆனால் அப்பொய்யை அவர்கள் ஏன் நம்பினர்? இங்கே தம் பெயரறிந்த ஒரு தமிழ் வீடேனும் இருந்திருந்தால், அவ்வீட்டுக் கதவைத் தட்டி உண்மை யாது எனக் கேட்டிருக்க மாட்டார்களா?

சபராளியின் பேரனுக்குத்தான் இத்தொழிலாளியின் துயரம் எவரினும் விரைவில் விளங்க வேண்டும். அடுக்குக் கட்டிலை அறிந்தவன் அவன். தந்தையின் மவுத்துக்குப் போக முடியாத இரவை அறிந்தவன் அவன். அந்த அறிவைச் சமுதாயத்துக்கு வழங்க வேண்டியது நம் சபர் கதைகளின் கடமையாக இருந்தது. அவை நம் அழுகையை நமக்கே திரும்பச் சொல்லி, நம்மைப் போல் துன்புற்றவர் உலகில் இல்லை என்று நம்ப வைத்தன. தன் துயரமே தனித்துயரம் என்று நம்புகிறவன் பிறன் துயரத்தைக் காணும் ஆற்றலை இழக்கிறான். மனிதர் பல கூட்டத்தாராகப் படைக்கப்பட்டதன் நோக்கம் ‘தஆருஃப்’, அதாவது ஒருவரையொருவர் அறிதல் என்று ஹுஜுராத் அத்தியாயம் கற்பிப்பதை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், கதை எழுதும்போது மட்டும் அதனை மறப்பது முறையாகுமா?

ஆகவே எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, சென்ற நாட்டின் மனிதர் ஒருவருக்கேனும் கதையில் பெயரும் குடும்பமும் கொடுங்கள். இரண்டாவது, அவர் பேசட்டும். அவர் மொழியின் ஒரு சொல்லையேனும் பொருளறிந்து கதைக்குள் கொணருங்கள். மூன்றாவது, அவர் கண்ணுக்கு நம் கதாநாயகன் எவ்வாறு தோன்றினான் என்பதையும் எழுதுங்கள். பேரம் பேசுபவனாகவா, அஞ்சி ஒடுங்குபவனாகவா, தன் அறைக்கு ஒருநாளும் எவரையும் உண்ண அழைக்காதவனாகவா? இம்மூன்றாவது கசக்கும். கசந்தாலும் அதில்தான் திரை விலகுகிறது.

பத்திராதிபர்களிடம் வேண்டுவது ஒன்று. பிள்ளை “யாரும்மா இவர்?” என்று கேட்டு முடியும் கதைகள் போதுமான அளவு வந்துவிட்டன. இனி அத்தகைய கதை வந்தால், அந்தத் தந்தை பதினைந்தாண்டு வாழ்ந்த அறையின் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவன் பெயர் யாது, அவன் எந்த ஊரான், அவனுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஆசிரியரைக் கேட்டு எழுதுங்கள். விடை வந்தபின் கதையை அச்சிடுங்கள்.